2010 மைவி கார்: எஞ்சினுக்கு 3,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள், செய்யலாமா தள்ளிவிடலாமா?

செம்பனைக்காரன் | ஊத்தான் மெலிந்தாங்

வணக்கம். காடி (கார்) விஷயமாக யோசனை வேண்டும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 பெரோடுவா மைவி 1.3, ஆட்டோ கியர், நான் இரண்டாவது ஓனர், மீட்டரில் 230,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன வாரம் மச்சான் எடுத்துக்கொண்டு பீடோர் போனார். திரும்பும் வழியில் சூடாகி நின்றுவிட்டது. ரேடியேட்டரின் மேல் தொட்டி, அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக், அதில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அது வழியாகத் தண்ணீர் முழுக்கப் போயிருக்கிறது. அவர் பெட்ரோல் கடையில் தண்ணீர் பிடித்து ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி நிறுத்தி ஊற்றி, அப்படியே வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நின்ற இடத்திலேயே குலுங்குகிறது, பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழகொழவென்று ஒட்டியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் முன்பு இருந்ததைவிட மேலே ஏறி நிற்கிறது.

தெலுக் இந்தானில் ஒரு போமன் (மெக்கானிக்) பானட்டைத் திறந்து பார்த்த கையோடு, முழு எஞ்சினையும் பிரித்து ஓவர்ஹால், 3,800 என்றார். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், ஹாஃப்கட் எஞ்சின் (ஜப்பானில் ஓடிய பழைய காடியிலிருந்து வெட்டி வருவது) போட்டுத் தருகிறேன், கூலியோடு 2,700, இரண்டு நாளில் எடுத்துக்கொள் என்கிறார். பழைய காடிக் கடையில் கேட்டால் ஓடுகிற நிலையில் 9,000 போகும், இப்படியே கொடுத்தால் 3,000 என்கிறார்கள்.

வீட்டு நிலைமை இதுதான்: அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் தெலுக் இந்தானில் டயாலிசிஸ். வீட்டுக்காரி அங்கேயே ஷிப்ட் வேலை, அவளுக்கு டிஏ லைசன்ஸ், ஆட்டோ கியர் காடி மட்டும்தான் ஓட்ட முடியும். எனக்கு தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் போதும். கிராப் வாடகைக் காடி எல்லாம் இங்கே பொழுது சாய்ந்தால் கிடைக்காது. இப்போதைக்குப் பக்கத்து லயத்து அண்ணன் காடியைக் கேட்டு வாங்கி ஓட்டுகிறேன், எத்தனை நாளைக்குக் கேட்க முடியும் சொல்லுங்கள்.

மோட்டார் மணியம்

இரும்புக் கடைக்கு ஏற்று, வந்த காசுக்கு ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்கு, மச்சானுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு.

சும்மா சொன்னேன் ப்ரோ, அம்மா விஷயத்தை அப்புறம்தான் படித்தேன். பெரியவர்கள் வந்து சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை | கிள்ளான்

என் கருத்து நேரடியாகவே: செய்யாதீர்கள். 9,000 வெள்ளிக் காடிக்கு 3,800 என்றால் விலையில் நூற்றுக்கு 42 எஞ்சினுக்கே போகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எஞ்சினைப் புதுசாக்கினாலும் கியர்பாக்ஸ், ஸ்டீரிங், ஏர்கோன் கம்ப்ரஸர் எல்லாம் அதே வயதுதான். அடுத்த ஆண்டு ஏர்கோன் போனால் இந்த மன்றத்தில் இன்னொரு இழை திறப்பீர்கள்.

இப்போதே 3,000க்குக் கொடுங்கள், ரிப்பேருக்கு வைத்திருந்த 3,800 சேர்த்தால் கையில் 6,800. பெரோடுவாவின் சின்னக் காடி ஆக்ஸியா இ 22,000தான், ஆனால் அது மேனுவல், உங்கள் வீட்டுக்காரிக்கு ஆகாது. ஆக்ஸியா ஜி ஆட்டோ 38,600. சட்டப்படி பத்து விழுக்காடு முன்பணம் 3,860, மீதி 34,740 கடன். வட்டி வருடத்துக்கு முழுக் கடனுக்கும் 3 விழுக்காடு, 9 வருடம் என்று வைத்தால் மாதம் 409 வெள்ளி வரும். ரோட்டெக்ஸ் (சாலை வரி) 70லிருந்து 20க்கு இறங்கும், பெட்ரோலும் குறையும். அம்மாவை நடுரோட்டில் நிறுத்தாத காடி வேண்டும் என்றால் இதுதான் வழி.

பழைய ஸ்பேனர் | சுங்கை சிப்புட்

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது கையில் பலம் இல்லை, மகன் பார்க்கிறான். வாங்குவதா விற்பதா என்று பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு போமனில் யாராவது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் எடுத்து மாட்டினாரா? மாட்டியிருந்தால் நம்பர் சொல்லியிருப்பீர்கள். எதையும் அளக்காமல் 3,800 என்றால் அது விலை இல்லை, எல்லாமே போயிருந்தால் தனக்கு நட்டம் வரக்கூடாது என்று மேலே வைத்துச் சொன்ன தொகை. அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அந்த இடத்தில் இருந்தால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

நீங்கள் சொன்னதை வைத்து: ஆயில் மூடியில் கொழகொழப்பு, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியது, வெள்ளைப் புகை. தண்ணீர் ஆயிலிலும் கலக்கிறது, சிலிண்டருக்குள்ளும் இறங்குகிறது. இது முக்கால்வாசி ஹெட் கேஸ்கட், எஞ்சின் தலைக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் அடைத்துப் பிடிக்கும் தகடு. எஞ்சின் தலை அலுமினியம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதுதான் முதலில் வளையும், வளைந்தால் கேஸ்கட்டை அழுத்திப் பிடிக்க முடியாது. கீழே பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் தப்பித்திருக்கவும் வாய்ப்புண்டு, போயிருக்கவும் வாய்ப்புண்டு. மச்சான் எவ்வளவு சூட்டில் எவ்வளவு தூரம் வந்தார் என்பது அவருக்கும் தெரியாது. அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். நம்பர் பெரிதா சின்னதா என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கிறதா என்பதுதான் முக்கியம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு மட்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. விழுந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். நம்பர் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் கோளாறு மேலேதான், வால்வு அல்லது கேஸ்கட். இதற்கு அரை மணி நேரம் ஆகும், ஐம்பது அறுபது வெள்ளி கூலி கேட்பார்கள்.

மேலே மட்டும் போயிருந்தால் தலையை மட்டும் கழற்றிச் செய்யும் டாப் ஓவர்ஹால், 3,800இல் பாதிகூட ஆகாது. கீழேயும் போயிருந்தால் அப்போது கணக்குப்பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று, அதுவரை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். ஷெட்டுக்கு (பட்டறைக்கு) டோவில், அதாவது இழுவை லாரியில், ஏற்றி அனுப்புங்கள். இன்சூரன்ஸ் எஞ்சின் ரிப்பேருக்கு ஒரு சென் கொடுக்காது, ஆனால் நிறைய பாலிசியில் டோவ் இலவசமாக வரும், நம்பரைத் தேடிக் கூப்பிடுங்கள்.

செம்பனைக்காரன்

அண்ணே மிக்க நன்றி. கேஜ் யாரும் மாட்டவில்லை. முதல் போமன் மூடியைத் திறந்தார், விரலால் தொட்டார், என் முகத்தைப் பார்த்தார், விலை சொன்னார். அவ்வளவுதான்.

டோவுக்குக் கூப்பிட்டேன், பாலிசியில் இருக்கிறதாம். இத்தனை வருடம் கட்டிக்கொண்டு இருக்கிறேன், இது தெரியவே தெரியாது.

கணக்குப்பிள்ளை அண்ணே, 409 என்பது என் சம்பளத்துக்குத் தாங்காது என்று இல்லை, தாங்கும், ஆனால் அம்மாவுக்கு மருந்து, பெரியவன் அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளி. ஒன்பது வருடம் என்றால் நினைக்கவே மலைப்பாக இருக்கிறது.

லாபிஸ் மலர்

ஹாஃப்கட் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு காடிக்கு எஞ்சின் மாற்றினோம், என்ன காடி எந்தக் கடை என்றெல்லாம் வேண்டாம். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, புகையும் இல்லை சத்தமும் இல்லை. பிரச்சினை விற்கும்போதுதான் வந்தது. பெயர் மாற்றுவதற்கு பி5 பரிசோதனைக்குக் கொண்டுபோனால் எஞ்சின் நம்பர் கெரானில் (காடியின் பதிவுத் தாளில்) உள்ள நம்பரோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாற்றிக் கொடுத்த ஷெட்டில் போய்க் கேட்டால் நீங்கள் கேட்கவில்லையே அக்கா என்றான். வாங்க வந்தவர் பயந்துபோய் வேறு காடியைப் பார்த்துக்கொண்டார்.

எஞ்சின் மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) சொல்லி, புஸ்பாகோம் மாதிரி பரிசோதனை நிலையத்தில் காட்டி, கெரானில் புது நம்பர் ஏற வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடையின் பில், இறக்குமதி செய்த தாள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். 2,700இல் இந்த வேலை சேர்ந்திருக்கிறதா, தாள் தருவாரா என்று இப்போதே கேளுங்கள். எல்லாம் பார்த்துக்கலாம் பாஸ் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு ஒரு காடியிலிருந்து திருடிய எஞ்சினாக இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

பொட்டோங் கடைப் பையன் | சுங்கைப்பட்டாணி

அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லாக் கடையும் அப்படி இல்லை. நான் இந்த மாதிரி பொட்டோங் கடையில்தான் (பழைய காடியை வெட்டி சாமான் விற்கும் கடை) வேலை செய்கிறேன், எங்கள் தௌக்கே (முதலாளி) பில், தாள் எல்லாம் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கொடுப்பார்.

உங்கள் 2010 மைவி 1.3இன் எஞ்சின் கே3-விஇ என்ற வகை. ஜப்பானில் டொயோட்டா பாசோ, டைஹாட்சு பூன் இரண்டின் பழைய 1.3 மாடலிலும் இதே எஞ்சின்தான், அதனால் சரக்கு கிடைப்பது சிரமம் இல்லை. ஆனால் சகோ, அந்தக் காடிகளும் இப்போது பழசு. குறைந்த மைலேஜ் என்று கடைக்காரர் சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, முன் பாதி மட்டும் வெட்டிக் கொண்டுவருவது, மீட்டரை யார் பார்த்தார்கள். வாங்குவதானால் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான தேன் நிறம் என்றால் நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சின், கறுப்பாக அடை அடையாகப் படிந்திருந்தால் வேண்டாம். கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். வாரண்டி பெரும்பாலும் எஞ்சினுக்கு மட்டும்தான், பழுதானால் வேறு எஞ்சின் தருவார்கள், மறுபடி இறக்கி ஏற்றும் கூலி உங்கள் தலையில். அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், உங்கள் பழைய எஞ்சினின் கீழ்ப்பகுதி நன்றாக இருந்தால் நானே ஹாஃப்கட் வேண்டாம் என்பேன். உங்கள் எஞ்சின் எப்படி ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும், ஜப்பானில் யாரோ ஓட்டியது யாருக்குத் தெரியும். (தௌக்கே இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

பீடோர் தாத்தா

ஒரு சின்ன விஷயம். 2009இல் பத்து வருடப் பழைய காடியைக் கொடுத்தால் புது புரோட்டோன், பெரோடுவாவுக்கு 5,000 வெள்ளி கழிவு என்று ஒரு திட்டம் வந்தது. அப்போது என் புரோட்டோன் இஸ்வாராவுக்கு எஞ்சின் செய்வதா கொடுப்பதா என்று இதே மாதிரி ஒரு குழப்பம். கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ஓடாத இஸ்வாராவை எவனும் ஆயிரத்துக்குக்கூடக் கேட்கவில்லை, அதனால் 5,000 பெரிய காசு. இன்றைக்கு உங்கள் மைவி நிலைமை அப்படி இல்லை. ஓடாத காடிக்கே 3,000 தருகிறேன் என்று ஒருவன் சொல்கிறான் என்றால், அவனுக்கு அதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று தெரிந்துதான் சொல்கிறான். அவனுக்கு ஒரு ஷெட் இருக்கும், 3,800 ஆகாது, பாதிக் காசில் முடித்து 9,000க்கு விற்பான். யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

தாத்தா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி இழைகளில் எல்லாரும் ஒரு கணக்கைப் போடுவார்கள்: 3,800 என்பது ஒன்பது மாதத் தவணை, காடி பத்து மாதம் ஓடினாலே லாபம் என்று. அது பாதிக் கணக்கு. தவணை முழுவதும் செலவு இல்லை, அதில் ஒரு பங்கு உங்கள் பெயரில் இருக்கும் காடியாக மாறுகிறது. புதுக் காடியின் உண்மையான செலவு என்பது வட்டியும் விலை இறக்கமும். மேலே போட்ட கணக்கில் வட்டி மட்டும் ஒன்பது வருடத்தில் 9,380 வெள்ளி, அதாவது மாதம் 87. விலை இறக்கம் அதற்கு மேல், முதல் சில வருடத்தில்தான் அதிகம். இன்சூரன்ஸும் காடி விலையோடு சேர்ந்து ஏறும். எல்லாம் சேர்த்தால் மாதம் 300ஐ ஒட்டி வரும் என்பது என் மதிப்பு.

ஆக, பழைய காடிக்கு வருடம் முழுக்க ஆகிற ரிப்பேரை மாதத்துக்குப் பிரித்தால் 300க்குக் கீழே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. செம்பனைக்காரன், போன இரண்டு மூன்று வருடத்தில் இந்த மைவிக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? அதைச் சொன்னால் நானும் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.

செம்பனைக்காரன்

அண்ணே, வீட்டுக்காரி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லா பில்லையும் போட்டு வைத்திருக்கிறாள், நேற்று ராத்திரி கொட்டிப் பார்த்தோம். டயர் நாலு, பேட்டரி, முன் அப்சார்பர், ஆயில் சர்வீஸ், ஒரு ரேடியேட்டர் (இதுதான் இப்போது வெடித்தது, மலிவாகக் கிடைத்தது என்று போட்டது), ஏர்கோன் கேஸ். டயர், ஆயில் எல்லாம் சேர்த்தே வருடத்துக்கு 1,500ஐ ஒட்டித்தான் வருகிறது. மாதம் 125.

கியர்பாக்ஸ் இதுவரை இழுக்கிறது, உதறல் இல்லை. அடிப்பக்கம் துரு கொஞ்சம், பெரிதாக இல்லை.

காடியை டோவில் ஏற்றி தெலுக் இந்தானில் வேறொரு சின்ன ஷெட்டுக்கு அனுப்பிவிட்டேன். போமன் வயதானவர், கேஜ் இருக்கிறதா என்றதும் சிரித்துவிட்டு மேசைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்.

கணக்குப்பிள்ளை

125 என்றால் காடியைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறீர்கள். 3,800க்கு இன்னமும் வேண்டாம் என்பேன். 2,000க்குள் முடிந்தால் செய்யுங்கள்.

செம்பனைக்காரன்

நம்பர் வந்துவிட்டது. பிஎஸ்ஐ என்ற அழுத்தக் கணக்கில் ஒன்றாவது சிலிண்டர் 175, இரண்டு 95, மூன்று 90, நாலு 170. ஸ்பேனர் அண்ணன் சொன்ன மாதிரி ஆயில் விட்டு எடுத்தார், இரண்டும் மூன்றும் ஏறவே இல்லை. இரண்டாவது பிளக்கைக் கையில் கொடுத்தார், மற்ற மூன்றும் காப்பி நிறம், இது மட்டும் கடையில் வாங்கின மாதிரி வெள்ளை.

சரி, திறக்கச் சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். கேஸ்கட்டில் இரண்டாவது மூன்றாவது வட்டத்துக்கு நடுவில் உள்ள ஒல்லியான தகடு கறுத்து, ஓரிடத்தில் விரல் நகம் அளவுக்கு அப்படியே தின்றுபோயிருக்கிறது. அதன் வழியாகத்தான் ஒரு சிலிண்டர் இன்னொரு சிலிண்டருக்குள் ஊதியிருக்கிறது. தலையைத் திருப்பி வைத்து, துடைத்து, மேலே ஒரு நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் தகட்டை அதன் அடியில் செருகிப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. நடுவில் 0.15 மில்லிமீட்டர் தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. என்னையே செருகிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிகிறது, கையில் தகடு போகும்போதுதான் நம்ப முடிகிறது.

சிலிண்டர் சுவரில் செய்யும்போதே போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தேயாமல் தெரிகின்றன. விரலை மேலும் கீழும் ஓட்டினேன், கீறல் எதுவும் தட்டவில்லை.

பழைய ஸ்பேனர்

நல்ல செய்தி தம்பி. 0.15 என்றால் தலையின் அடிமுகத்தை மெஷினில் சீவி நேராக்கினால் சரியாகிவிடும். ஆனால் சீவுவதற்கு முன்னால் மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். தண்ணீர்ப் பாதைகளை எல்லாம் அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள். வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அப்போதுதான் குமிழி விடும். இதைச் செய்யாமல் சீவி மாட்டி, மறுபடி கழற்றினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெடிப்பு இருந்தால் இந்தத் தலையை விட்டுவிட்டு பொட்டோங் கடையில் தலை மட்டும் வாங்குங்கள், தம்பி அங்கே இருக்கிறானே, விலை கேளுங்கள். முழு எஞ்சின் வேண்டாம், கெரானில் உள்ள நம்பரும் மாறாது.

சீவிக் கொடுத்த பிறகு வால்வு சீல் புதுசு போடச் சொல்லுங்கள், எப்படியும் கழற்றியாகிவிட்டது. ஹெட் போல்ட்டை நீளம் அளந்து பார்த்து, புத்தகத்தில் உள்ள அளவைத் தாண்டியிருந்தால் புதுசு. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், ரேடியேட்டர் இதிலெல்லாம் கஞ்சத்தனம் வேண்டாம். 

ஒரு விஷயம் கட்டாயம். ஆயில் தொட்டியை இறக்கி, அடியிலிருந்து ஒரு பேரிங் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலில் மச்சான் ஓட்டியிருக்கிறார், அதன் பிறகும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். பேரிங் முகம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் மூடிவிடலாம். செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் செட் மாற்றுங்கள், சாமான் விலை பெரிதில்லை. இதைப் பார்க்காமல் மேலே மட்டும் புதுசாக்கினால், மேலே கம்ப்ரஷன் நன்றாக வந்து கீழே தட்ட ஆரம்பிக்கும். அப்போதுதான் நிஜமாகவே 3,800.

பொட்டோங் கடைப் பையன்

தலை வேண்டுமானால் பிரைவட்டில் எழுதுங்கள் சகோ. ஆனால் அதையும் பிரஷர் டெஸ்ட் பண்ணித்தான் மாட்டணும், எங்கள் கடை என்றாலும்.

லாபிஸ் மலர்

கூலியும் சாமானும் தனித்தனியாக எழுதின தாள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. பழைய சாமானையும் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டு இல்லை, கேட்கிற வாடிக்கையாளர் என்று தெரிந்தால் வேலை கொஞ்சம் பார்த்துச் செய்வார்கள்.

செம்பனைக்காரன்

எல்லாருக்கும் ஒரு தகவல். தலை ஈப்போவுக்குப் போய்த் திரும்பி வந்தது, குமிழி இல்லை, சீவியாகிவிட்டது. பேரிங் ஒன்று திறந்தார், சாம்பல் நிறம், ஆனால் ஒரு ஓரத்தில் லேசான கோடு. போமன் விட்டுவிடலாம் என்றார், நான் ஸ்பேனர் அண்ணன் எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன், கொஞ்சம் முறைத்தார், அப்புறம் செட் மாற்றிவிட்டார். எந்தச் சாமான், எவ்வளவு கூலி என்று தாள் கொடுத்திருக்கிறார்: சீவல், டெஸ்ட் 280, கேஸ்கட் செட், வால்வு சீல், போல்ட் 390, பேரிங் 160, ரேடியேட்டர் (இந்த முறை நல்லதாக) 290, பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் 230, ஆயில், கூலண்ட் 150, கூலி 750. கூட்டினால் 2,250.

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன 2,000ஐத் தாண்டிவிட்டது. மச்சான் 500 கொடுத்தார், நான் கேட்கவே இல்லை, அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

மச்சான் கணக்கைக் கழித்தால் 1,750, அப்படியானால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கியர்பாக்ஸ் போனால் என்ன செய்வீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு பண்ணி வையுங்கள். போட்ட காசு போய்விடுமே என்று அதன் மேல் இன்னும் காசு போடுவதுதான் எல்லாரையும் கவிழ்க்கிறது.

செம்பனைக்காரன்

முடிவு பண்ணியாகிவிட்டது அண்ணே. கியர்பாக்ஸ் போனால் அன்றைக்கே விற்றுவிடுவது, வீட்டுக்காரியும் ஒத்துக்கொண்டாள். இப்போதிலிருந்து மாதம் 200 தனியாகப் போட்டு வைக்கிறோம், காடி நன்றாக ஓடினால் அது அடுத்த காடிக்கு முன்பணம்.

ஸ்பேனர் அண்ணே, கடைசியாக ஒன்று. பழைய ஆயில் எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் உள்ளே கொஞ்சம் இருக்கும் என்கிறார். எப்போது மாற்றுவது? கூலண்ட்டில் குழாய்த் தண்ணீர் கலக்கலாமா, தோட்டத்தில் வருவது கொஞ்சம் மஞ்சளாக இருக்கும்.

பழைய ஸ்பேனர்

முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் இறக்கிவிடு தம்பி, ஃபில்டரோடு. விலை உயர்ந்த ஆயில் வேண்டாம், அது கழுவுவதற்குத்தான். அடுத்தது 3,000இல், அதன் பிறகு வழக்கம் போல. தோட்டத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதே, துருவும் உப்பும் உள்ளே படியும். கலந்தே வரும் கூலண்ட் வாங்கு, அல்லது பேட்டரித் தண்ணீரில் (ஆசிட் இல்லை, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீர்) கலந்துகொள். முதல் வாரம் தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார். சூட்டில் திறக்காதே. மச்சானிடமும் சொல்லி வை.